அலவனைத் தேடும் ஒளி: மார்பகப் புற்றுநோயும் ஒளியியல் ஆய்வு முறைகளும்

தோற்றுவாய்

நோய்களுக்கு மக்கள் இட்ட பெயர்களில் அந்நோய்களைப் பற்றிய அவர்களது அறிவும் அச்சமும் பொதிந்து கிடக்கின்றன. பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் புற்றுநோயைக் 'கார்கினோஸ்' என்றனர். இலத்தீனில் அது 'கான்சர்' ஆயிற்று. அரபு மருத்துவ நூல்கள் அதனைச் 'சரத்தான்' எனக் குறித்தன. இம்மூன்று சொற்களுக்கும் நண்டு என்பதே பொருள். கட்டியைச் சூழ்ந்து புடைத்துக் கிளைத்து ஓடும் இரத்த நாளங்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றியமையால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். தமிழோ இதனைப் 'புற்று' என்றது. வெளியே சிறு மேடாகத் தோன்றி உள்ளே பல வழிகளாகப் பரந்து கிடப்பது புற்று. அது வளரும் ஓசை எவர் செவிக்கும் எட்டுவதில்லை.

இவ்விரு பெயர்களும் இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன. இந்நோய் மறைந்து வளர்வது என்பது ஒன்று. தன்னைச் சுற்றிப் புதிய இரத்த நாளங்களை உண்டாக்கிக்கொண்டு வளர்வது என்பது மற்றொன்று. நெய்தல் நிலத்தில் வாழும் நமக்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டா. கட்டுமாவடிக் கரையின் ஈரமணலில் அலவன் வளை தோண்டி மறைவதை நம் சிறுவர்களும் அறிவர். வளையின் வாயிலில் கிடக்கும் மணல் உருண்டைகளைக் கொண்டே உள்ளே அலவன் உண்டு என அவர்கள் சொல்லிவிடுவர். இன்றைய அறிவியல் மார்பகப் புற்றுநோயை ஒளியின் துணைகொண்டு தேடுவதும் ஏறத்தாழ இவ்வாறே ஆகும். கட்டியின் வடிவத்தை மட்டுமன்றி, அது உண்டாக்கிக்கொண்ட இரத்த நாளங்களையும் அவற்றிலுள்ள உயிர்வளியின் அளவையும் ஒளி கண்டு சொல்கிறது. அம்முறைகள் எவை, அவை எம்மட்டும் பயன்படும், அவற்றால் இயலாதது எது என்பனவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் பெருக்கம்

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இன்று முதலிடம் பெறுவது மார்பகப் புற்றுநோயே. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 98,000 பெண்கள் இந்நோயால் உயிரிழந்தனர். உலகம் முழுவதிலும் புதிதாக நோயுற்றோர் தொகை 23 இலட்சத்தை எட்டியது.

இவ்வெண்களுக்குப் பின்னே ஒரு துயரமான உண்மை உண்டு. தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டால் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்க நோய் இது. ஆயினும் நம் நாட்டில் நோயுற்ற பெண்களில் பெரும்பகுதியினர் நோய் முற்றிய நிலையிலேயே மருத்துவமனையை அடைகின்றனர். மேலை நாடுகளோடு ஒப்பிட, நம் நாட்டில் இளைய வயதிலேயே நோய்க்கு ஆளாகும் பெண்களின் விகிதமும் மிகுதி.

இந்நோயைத் தொடக்கத்தில் அறிய உலகெங்கும் நிலைபெற்றுள்ள கருவி மேமோகிராம் எனப்படும் எக்ஸ்-கதிர்ப் படமாகும். மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே அழுத்தி, குறைந்த அளவுக் கதிரைச் செலுத்தி எடுக்கப்படும் படம் அது. கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டிகளையும் நுண்ணிய சுண்ணத் துகள்களையும் அது காட்டவல்லது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தி மிக்கது. அடர்ந்த திசு படத்தில் வெண்மையாகத் தெரியும். கட்டியும் வெண்மையாகவே தெரியும். உப்புக் குவியலில் விழுந்த வெண்சோழியைத் தேடுவது போன்றது அது. இத்தகைய நிலையில் அல்ட்ராசவுண்ட் எனப்படும் ஒலியலை ஸ்கேன் துணை செய்கிறது. மேலும், எக்ஸ்-கதிர் மிகுதியாகப் பட்டால் தீங்கு தருவதாதலின் வாரந்தோறும் மேமோகிராம் எடுத்துப் பார்த்தல் ஏற்றதன்று. ஆகவேதான் அடிக்கடி பார்ப்பதற்கும் தீங்கிலாத ஒரு துணையை அறிஞர்கள் தேடினர். அத்துணை ஒளியாக அமைந்தது.

ஒளி உடலுக்குள் செல்லுமா?

ஒளி ஊடுருவாப் பொருள் என நாம் கருதும் நம் உடல் உண்மையில் முற்றிலும் அத்தகையதன்று. இரவில் எரியும் டார்ச் விளக்கின் வாயை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். கை செந்நிறமாக ஒளிரும். வெள்ளொளியில் கலந்துள்ள நீலமும் பச்சையும் குருதியால் உறிஞ்சப்பட, சிவப்பு மட்டும் கையை ஊடுருவி வெளிவருகிறது. ஒளி உடலுக்குள் செல்லும் என்பதற்கும், குருதி ஒளியைத் தெரிந்தெடுத்து உண்கிறது என்பதற்கும் இதுவே சான்று.

நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அமையும். சிவப்பைக் கடந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தொடங்குகிறது. ஏறத்தாழ 650 முதல் 950 நானோமீட்டர் வரையுள்ள பகுதியில் குருதியும் நீரும் ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. ஆகவே இப்பகுதி ஒளி திசுக்களுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம் வரை செல்லும். உடலுக்கு இயற்கை அமைத்த சாளரம் இது எனலாம்.

இச்சாளரத்தின் வழியே பார்த்தால் காணக்கிடைப்பது யாது? குருதியிலுள்ள ஹீமோகுளோபின், உயிர்வளியைச் சுமந்திருக்கும்போது ஒரு நிறமும் அதனை இழந்தபின் வேறொரு நிறமும் உடையது. இரு வேறு அலைநீளங்களில் ஒளியைச் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்பட்டது என அளந்தால் குருதியில் உயிர்வளி எவ்வளவு உள்ளது என அறியலாம். இது நமக்குப் புதியதன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவிய காலத்தில் விரல்நுனியில் மாட்டிப் பார்த்த 'ஆக்சிமீட்டர்' இம்முறையிலேயே இயங்குவது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்ட கருத்து அது. விரலுக்குச் செய்ததை மார்பகத்திற்குச் செய்வதே ஒளியியல் படமுறையின் அடிப்படை.

கட்டி வளர உணவும் உயிர்வளியும் வேண்டும். அவற்றைப் பெறுவதற்காக அது புதிய இரத்த நாளங்களைத் தன்பால் வருவித்துக் கொள்கிறது என்பதை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எடுத்துரைத்தார். எனவே புற்றுக்கட்டி இருக்குமிடத்தில் ஹீமோகுளோபின் மிகுந்து காணப்படும். நீரும் மிகும், கொழுப்புக் குறையும், உயிர்வளி பலவேளை குன்றியிருக்கும். கிரேக்கர் கண்ட நண்டின் கால்கள் இவையே. அவர்கள் புறக்கண்ணால் தோலின்மேல் கண்டதை ஒளி தோலுக்கு உள்ளே காண்கிறது.

பாலுக்குப் பின்னால் ஒரு விளக்கு

இம்முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1929ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கில் மாக்ஸ் கட்லர் என்னும் மருத்துவர் இருட்டறையில் மார்பகத்தின் ஒருபுறம் விளக்கை வைத்து மறுபுறம் விழும் நிழல்களை ஆராய்ந்தார். ஆயினும் இம்முறை நிலைபெறவில்லை. 1980களில் மீண்டும் முயன்றபோதும் மேமோகிராமுக்கு இணையாக அது நிற்க இயலவில்லை.

காரணம் ஒளியின் இயல்பிலேயே உள்ளது. ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்பதைச் சோதனைகளால் நிறுவி, பார்வையின் இயல்பை விளக்கிய பேரறிஞர் இப்னுல் ஹைதம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் வாழ்ந்து அவர் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' ஒளியியலின் மூலநூல்களுள் ஒன்று. ஆனால் நேர்க்கோட்டில் செல்லும் அந்த ஒளி உடலின் திசுக்களுக்குள் நுழைந்ததும் ஒரு மில்லிமீட்டர் செல்வதற்குள்ளாகவே பலமுறை சிதறிவிடுகிறது. கண்ணாடிக் குவளை நிறையப் பாலை ஊற்றி அதன் பின்னே ஒரு விளக்கை வையுங்கள். ஒளி இருப்பது தெரியும். விளக்கின் வடிவம் தெரியாது. கட்லர் எதிர்கொண்ட இடர்ப்பாடு இதுவே.

லேசரும் கணிப்பொறியும் வந்தபின் இவ்விடர் ஒருவாறு தளர்ந்தது. மார்பகத்தைச் சுற்றிப் பல இடங்களிலிருந்து ஒளியைச் செலுத்தி, பல இடங்களில் வெளிப்படும் ஒளியை அளந்து, அது எவ்வழி அலைந்து வந்திருக்கும் எனக் கணக்கிட்டு உள்ளமைப்பைப் படமாக்கினர். 'பரவல் ஒளிப்படமுறை' என நாம் இதனைச் சொல்லலாம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பிரிட்டன் சான்ஸ் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். இதற்கு வேண்டிய கணக்கீட்டு முறைகளைச் செம்மைப்படுத்தும் ஆய்வுகள் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்திலும் நடைபெற்றுள்ளன.

இம்முறையில் அழுத்தமும் இல்லை, எக்ஸ்-கதிரும் இல்லை. ஆயினும் கிடைக்கும் படம் தெளிவு குன்றியதே. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளை இதனால் திட்டமாகக் காண்பது அரிது. நோயை முதன்முதலில் கண்டறியும் பணியில் மேமோகிராமின் இடத்தை இது பெறாமைக்கு இக்குறையே முதற்காரணம்.

மின்னலும் இடியும்

இக்குறையை நீக்க அறிஞர்கள் ஒலியைத் துணைக்கு அழைத்தனர். தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880ஆம் ஆண்டில் ஒரு வியப்பைக் கண்டார். விட்டுவிட்டு ஒளிரும் ஒளியைப் பொருள்களின்மேல் செலுத்தினால் அவை ஒலி எழுப்பின. மின்னல் பாய்ந்த காற்று சூடேறி விரிந்து இடியாக முழங்குவதை நாம் அறிவோம். அதுபோலவே ஒளித்துடிப்பை உறிஞ்சிய பொருள் நுண்ணிதின் சூடேறி, விரிந்து, ஒலியலையை எழுப்புகிறது.

நொடியின் நூறுகோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் லேசர்த் துடிப்பை மார்பகத்தினுள் செலுத்தினால், அங்குள்ள குருதி அதனை உறிஞ்சி நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பும். ஏறும் வெப்பம் ஒரு பாகையின் மிகச் சிறு கூறே ஆதலின் திசுவுக்குத் தீங்கில்லை. எழும் ஒலி ஒளியைப் போல அவ்வளவு சிதறுவதில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுகளில் மீன்கூட்டத்தை எதிரொலியால் அறியும் கருவியைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே ஒலி சென்று ஒலி திரும்புகிறது. இங்கே ஒளி சென்று ஒலி திரும்புகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் லிஹாங் வாங் தலைமையிலான குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 15 நொடிகள் மூச்சை அடக்கியிருக்கும் நேரத்திற்குள் ஒரு மார்பகம் முழுவதையும் இம்முறையில் படமெடுத்துக் காட்டினர். ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் ஆழம் வரை இரத்த நாளங்கள் வலைபோல் தெளிவாகத் தெரிந்தன. ஒலியலை ஸ்கேனையும் இந்த ஒளி-ஒலி முறையையும் இணைத்த 'இமாஜியோ' என்னும் கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. ஐயத்திற்குரிய கட்டி தீங்கற்றதா, புற்றா என மருத்துவர் தெளிவதற்குத் துணையாக வந்த கருவி இது. மேமோகிராமுக்கு மாற்றாக வந்ததன்று என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

மருந்தின் வேலையை ஒளி சொல்லும்

கண்டறிவதைக் காட்டிலும் கண்காணிப்பதிலேயே ஒளியின் சிறப்பு மிகுதியாக விளங்குகிறது என்பது அடியேன் கருத்து. பெரிய கட்டி உள்ள பெண்ணுக்கு அறுவைக்கு முன்பே கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை அளிப்பது உண்டு. அது மாதக்கணக்கில் நீளும். முடி உதிரும், உணவு ஒவ்வாது, உடல் தளரும், கைப்பொருள் கரையும். இவ்வளவும் பொறுத்தபின், மருந்து வேலை செய்யவில்லை எனத் தெரியவந்தால் அப்பெண்ணின் நிலை யாது? கட்டியின் அளவு குறைகிறதா எனக் கைகொண்டோ ஸ்கேன் கொண்டோ அறிவதற்கு வாரங்கள் பல ஆகும். கட்டி சுருங்குவதற்கு முன்பே அதன் குருதியோட்டமும் உயிர்வளி நுகர்வும் மாறத் தொடங்கிவிடும். அம்மாற்றத்தை அறிவது ஒளிக்கு எளிது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் புரூஸ் டிராம்பெர்க் குழுவினர், கையடக்கக் கருவி ஒன்றை மார்பகத்தின்மேல் வைத்து இதனை ஆராய்ந்தனர். மருந்து ஏற்றிய மறுநாளிலேயே, பயன்பெறும் கட்டிகளில் உயிர்வளி சுமந்த ஹீமோகுளோபின் சட்டென உயர்ந்ததையும் பயன்பெறாதவற்றில் அவ்வாறு உயராமையையும் 2011இல் வெளியான அவர்களது ஆய்வு எடுத்துக்காட்டியது. பின்னர் அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வும் இத்திசையில் நம்பிக்கை அளித்தது. இது பெருந்தொகையினரிடம் உறுதிப்பட்டு நடைமுறைக்கு வருமாயின், பயனற்ற மருந்தை விரைவில் நிறுத்தி வேறு மருந்துக்கு மாறலாம். கடன்பட்டு மருத்துவம் பார்க்கும் ஏழைக் குடும்பத்திற்கு அது எத்துணைப் பெரிய ஆறுதல்!

கடலின் நீலத்திலிருந்து அறுவைக்கூடம் வரை

இத்துறையில் தமிழ்மண்ணின் பங்கும் உண்டு. நம் அண்டை நகரான திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7ஆம் நாள் பிறந்தவர் சர் சி.வி. இராமன். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் சிந்தையைக் கவர்ந்தது. வானத்தின் நிறத்தைக் கடல் எதிரொளிப்பதே அந்நீலம் என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே காரணம் என நிறுவினார். அவ்வழியே தொடர்ந்த ஆய்வு 1928 பிப்ரவரி 28 அன்று 'இராமன் விளைவு' எனக் கனிந்தது. 1930இல் நோபல் பரிசு அவரைத் தேடிவந்தது.

ஒரு பொருளின்மேல் ஒற்றை நிற ஒளியைச் செலுத்தினால், சிதறும் ஒளியில் மிகச்சிறு பகுதி நிறம் மாறி வெளிவரும். அம்மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனித்தனியானது. மனிதருக்குக் கைரேகை போல. மார்பகத் திசுவிலும் இது பயன்படுகிறது. மேமோகிராமில் தெரியும் சுண்ணத் துகள்களில் கால்சியம் ஆக்சலேட் வகை பெரும்பாலும் தீங்கற்ற நிலையில் காணப்படுவது. ஹைட்ராக்சி அபடைட் வகை புற்றிலும் காணப்படுவது. எக்ஸ்-கதிருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். இராமன் ஒளியோ இரண்டையும் பிரித்துக் காட்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதனை இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எடுத்துக்காட்டினர். திசுக்கள் ஒளியை ஏற்றுத் தாமே வெளிவிடும் ஒளிர்வைக் கொண்டு புற்றை அறியும் ஆய்வுகள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் துறையிலும் நடந்துள்ளன.

அறுவைக்கூடத்திலும் ஒளி புகுந்துள்ளது. மார்பகம் முழுவதையும் அகற்றாமல் கட்டியை மட்டும் அகற்றும்போது, ஓரத்தில் புற்றின் எச்சம் தங்கிவிடுவது உண்டு. புற்றுள்ள இடத்தில் ஒளிரும் மருந்தை முன்னதாகச் செலுத்தி, அகற்றிய குழியில் எஞ்சியதைக் கண்டறியும் முறைக்கு 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது.

வெப்பப்படம் பற்றி ஓர் எச்சரிக்கை

ஒளிமுறைகளோடு சேர்த்துப் பேசப்படுவது வெப்பப்படமுறை. இதில் ஒளியை உள்ளே செலுத்துவதில்லை. உடல் தானே வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைத் தனிவகைக் கேமராவால் படமெடுப்பர். குருதியோட்டம் மிகுந்த இடம் சற்றுச் சூடாகத் தெரியும். பெங்களூரில் கீதா மஞ்சுநாத் 2016இல் தொடங்கிய 'நிராமை' நிறுவனம் இப்படங்களைக் கணிப்பொறியின் செயற்கை நுண்ணறிவால் ஆராயும் முறையை உருவாக்கியது. தொடாமலும் பிறர் பாராமலும் செய்யத்தக்க இம்முறை நம் பெண்களின் நாணத்திற்கு இசைவானதே.

எனினும், வெப்பப்படம் மேமோகிராமுக்கு மாற்றாகாது என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் வெளிப்படையாக எச்சரித்ததை மறத்தலாகாது. தோலின் வெப்பம் வேறு காரணங்களாலும் மாறும். ஆழத்திலுள்ள புற்று தோலைச் சூடாக்காமலும் இருக்கலாம். 'வலியில்லாப் படம் ஒன்றே போதும்' என எவரேனும் விளம்பரம் செய்தால் நாம் விழிப்போடு இருத்தல் வேண்டும். எப்படம் ஐயம் காட்டினாலும், ஊசியால் சிறிது திசுவை எடுத்து ஆராயும் 'பயாப்சி' சோதனையே முடிவை உறுதிசெய்யும். அச்சோதனையால் புற்று பரவிவிடும் என்னும் அச்சமும் தேவையற்றது.

கருவிக்கு முன்னே கை

இவ்வளவு கருவிகளைக் கூறியபின் ஒரு வினா எழுகிறது. இவை நம் கடற்கரை ஊர்களை என்று வந்தடையும்? அதுவரை நாம் காத்திருக்க வேண்டுமா? வேண்டா என்பதற்கு மும்பையில் நடந்த பேராய்வு ஒன்று சான்று பகர்கிறது.

டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் அந்நகரின் எளிய மக்கள் வாழும் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையிலான 1,50,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு இவ்வாய்வைத் தொடங்கியது. ஒரு பகுதியினருக்கு, பயிற்சி பெற்ற பெண் நலப்பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கைகளால் மார்பகத்தைச் சோதித்தனர். கருவி ஏதுமில்லை, பயின்ற விரல்களே கருவி. இருபதாண்டு முடிவுகள் 2021இல் வெளியாயின. சோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முற்றுமுன்பே கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் உடைய பெண்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. 50 வயதுக்குட்பட்டோரிடம் இறப்புக் குறைவு தெளிவாகப் புலப்படவில்லை எனினும், இவ்வளவு எளிய முறை இத்தனை உயிர்களைக் காத்தது வியப்பிற்குரியது.

நம் புதுக்கோட்டை மண்ணுக்கும் இதில் ஒரு மரபு உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம்பெற்று, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை அவர் தொண்டாக மாற்றினார். அதன் விளைவாக 1954இல் சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் எழுந்ததே புற்றுநோய் நிலையம். மறு ஆண்டு அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அந்நிலையத்திற்கே தம் வாழ்வை ஈந்தார். புற்றுநோய் என்றால் இறப்பே என்னும் அவநம்பிக்கையை அகற்றுவதற்காக இறுதிவரை போராடியவர் அவர்.

நாம் செய்யத்தக்கன

நம் வட்டாரத்தில் நோய் முற்றுவதற்குக் கருவியின்மை மட்டுமே காரணமன்று. பெண்ணின் நாணமும் குடும்பத்தின் தயக்கமும் பெருங்காரணங்கள். கணவர் மலேசியாவிலோ அரபு நாடுகளிலோ சபுராளியாக இருப்பார். 'அவர்கள் ஊர் வரட்டும். சொல்லிக்கொள்ளலாம்' என மனைவி காத்திருப்பார். கட்டி காத்திருப்பதில்லை. வலி இல்லையே என்று ஆறுதல் கொள்வாரும் உளர். தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே இதன் சூழ்ச்சி.

வலியற்ற கட்டி, அக்குளில் தட்டுப்படும் கட்டி, தோலில் குழிவு அல்லது ஆரஞ்சுத்தோல் போன்ற தடிப்பு, காம்பு உள்வாங்கல், காம்பிலிருந்து குருதிக் கசிவு, ஒரு மார்பகம் மட்டும் அளவோ வடிவமோ மாறுதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் காலந்தாழ்த்தாது மருத்துவரைக் காணவேண்டும். கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றல்ல. ஆதலின் அஞ்சி ஒளிப்பதற்கும் காரணமில்லை. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் இருந்திருப்பின் கூடுதல் கவனம் வேண்டும். முப்பது வயதைக் கடந்த மகளிர்க்கு அரசு நலவாழ்வு நிலையங்களில் மார்பகச் சோதனை செய்யும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். ஆரம்பச் சுகாதார நிலையத்திலிருந்து அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்கும் வழிகாட்டப்பெறலாம்.

பெண் மருத்துவரை நாடுவது நம் குடும்பங்களின் விருப்பம், அது முறையானதே. ஆனால் பெண் மருத்துவர் வாய்க்காதபோது உயிர்காக்கும் சோதனையைத் தள்ளிப்போடுதல் கூடாது. நிர்ப்பந்த நிலையில் மருத்துவத்திற்கு இடமுண்டு என்பதை மார்க்கச் சட்டம் அறிந்த பெரியோர்கள் நன்கறிவர். அவர்கள் அதனைக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொன்னால், கட்டுரைகள் நூறு செய்யாததை அவர்களின் ஒரு சொல் செய்துவிடும். கல்வி கற்கும் மாணவியர் தம் அன்னையரிடமும் பாட்டியரிடமும் இதனைப் பேசலாம். மாணவர்கள், வீட்டிலுள்ள பெண்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பைத் தந்தையார் ஊரில் இல்லாதபோது தாமே ஏற்கலாம்.

நிறைவாக

ஒளி இன்று குருதியின் நிறத்தைப் படித்துக் கட்டியின் இயல்பை உரைக்கிறது. மருந்தின் பயனை மறுநாளே கூற முயல்கிறது. அறுவைக்கூடத்தில் எச்சத்தைக் காட்டுகிறது. இன்று துணைக்கருவியாக நிற்கும் அது நாளை மேலும் வலிமை பெறக்கூடும். நம் மாணவர்களுள் ஒருவர் இத்துறையில் புகுந்து, சிற்றூர் மருத்துவமனைக்கும் ஏற்ற எளிய கருவியை ஆக்கித் தருவாராயின் அது நம் வட்டாரத்திற்குப் பெருமையாகும்.

எத்துணை நுண்ணிய ஒளியாயினும், தன் முன்னே வந்த உடலைத்தான் அது காணும். வாய்திறவாது வீட்டினுள் அடங்கியிருக்கும் ஒரு தாயின் நோயைக் காட்டவல்ல விளக்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. அவள் தயங்காமல் சொல்லவும், சொன்னதும் வீட்டார் செவிசாய்க்கவும் ஏற்ற நிலையை உண்டாக்குவது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.